ஹபரணை தாண்டி டேர்போ சங்கு ஊதியது: பிழை டேர்போவிலா, வேறெங்காவதா?

2024 ஜூலை 14, ஞாயிறு, இரவு 9.10

கேள்வி நேராகவே. நன்றாக ஓடிக்கொண்டிருந்த டபுள் கெப்பின் (இரட்டைக் கபின் பிக்கப்) டேர்போ, அதாவது புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி, ஒரே நிமிடத்தில் போகுமா? ஒரு அறிகுறியும் காட்டாமல்?

வண்டி 2009 ஆம் ஆண்டு, 2.5 லீட்டர் கொமன் ரெயில் டீசல், 238,000 கிலோமீட்டர். எந்தக் கம்பனி என்று எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே இந்த இழை "அது குப்பை, இது தங்கம்" சண்டையாகிவிடும். வாரத்தில் மூன்று இரவு தம்புள்ளை போய் மரக்கறி ஏற்றி விடியுமுன் திருமலை (திருகோணமலை) சந்தைக்குக் கொண்டுவருகிறேன். மற்ற நாட்களில் உப்புவெளியிலிருந்து நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் ஐஸ்.

நேற்று விடியப்புறம் மூன்று மணி இருக்கும். ஒரு தொன்னுக்குக் கொஞ்சம் கூடலான லோட். ஹபரணை தாண்டி அலுத் ஓயாப் பக்கம் 80 இல் வந்துகொண்டிருந்தேன். முதலில் மெல்லிய விசில். பிறகு அதுவே கோயில் சங்கு மாதிரி நீட்டி ஊதத் தொடங்கியது. ஊதி முடிய டக்கென்று ஒரு சத்தம், இழுவை செத்துப்போனது, பக்கக் கண்ணாடியில் புகையைத் தவிர ஒன்றும் இல்லை.

என் கணிப்பு: டேர்போவுக்கு வயது முடிந்துவிட்டது. ஒயில் ஒழுங்காக மாற்றுகிறவன் நான். ஆகவே ரீகண்டிஷன் (பழையதைப் புதுப்பித்தது) ஒன்றை வாங்கிப் பூட்டினால் கதை முடிந்தது. பிழை என்றால் சொல்லுங்கள்.

2024 ஜூலை 14, இரவு 11.35

புகையின் நிறம் கேட்டவருக்கு: நீலம் கலந்த வெள்ளை. எரிந்த ஒயில் மணம். கறுப்பு இல்லை.

பெரிய விசயத்தை விட்டுவிட்டேன். சாவியைத் திருப்பியும் எஞ்சின் நிற்கவில்லை. எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் தானாக ரேஸ் ஏறியது. டேர்போவின் சீல் போனால் ஒயில் காற்றுக் குழாய்க்குள் இறங்கிவிடும். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் தேவையில்லை, எரிகிற எதைக் கொடுத்தாலும் குடித்துவிட்டு ஓடும். சாவி வெட்டுவது டீசலைத்தான், ஒயிலை யார் வெட்டுவது? கிளட்சை மிதித்து ஐந்தாம் கியரைப் போட்டு, பிரேக்கை முழுதாக அமத்திக்கொண்டு கிளட்சை விட்டேன். வண்டியைக் குலுக்கி எடுத்துவிட்டு நின்றது. ஒரு காலத்தில் லொறி ஓடிய மாமா சொல்லித் தந்த வித்தை. இருபது வருசமாக அது பொய் என்று நினைத்திருந்தேன்.

ஓட்டோ கியர்க்காரருக்கு இது சரிவராது. அவர்கள் காற்று உறிஞ்சும் வாயைப் பலகை, தடித்த புத்தகம் எதையாவது கொண்டு மூட வேண்டும். துணி வேண்டாம், உள்ளே இழுத்துவிடும். கையை வைக்க நினைக்கவே வேண்டாம். அந்தச் சத்தத்துக்குக் கிட்டப் போகவே பயமாக இருந்தால் ஓடி விலகி நில்லுங்கள், எஞ்சின் போனால் போகட்டும்.

நின்ற இடமோ யானை கடக்கும் இடம். பின்னால் ஒரு தொன் கரட்டும் பூசணியும். அழைப்பிதழ் அடித்துக் கொடுத்த மாதிரி. முக்கால் மணித்தியாலம் கெப்புக்குள்ளேயே இருந்தேன், கந்தளாய்க்குப் போன லொறிக்காரர் ஒருவர் கயிறு போட்டு இழுத்தார்.

2024 ஜூலை 15, திங்கள்

டேர்போவைக் கழற்றாமல் பார்க்கக்கூடியதை இன்று பார்த்தேன்.

எயார் ஃபில்டரிலிருந்து வரும் பெரிய ஹோஸைக் கழற்றினால் டேர்போவின் கம்ப்ரெசர் சில்லு (காற்றை அமுக்கும் சில்லு) தெரியும். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். சில்லின் நடு நட்டை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் சிறிது ஆட்டம் இருக்கும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. உள்ளே இருக்கும் பெயரிங் ஒயில் படலத்தில் மிதக்கிற வகை, ஒயில் அழுத்தம் இல்லாத நேரம் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆனால் முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும்போது அசைவு கையில் படவே கூடாது. பட்டால் சரி, முடிந்தது. ஆடும் சில்லு சுவரில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

என்னுடையதில் இந்தச் சோதனை ஒன்றும் தேவைப்படவில்லை. சில்லு கையோடு வந்துவிட்டது.

டேர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிராக்கும் இன்டர்கூலரின் கீழ் ஹோஸைக் கழற்றினேன், ஒரு போத்தலுக்கு மேல் ஒயில் ஊற்றியது. எயார் ஃபில்டர் சுத்தம், பெட்டிக்குள் மண் இல்லை. புழுதி கிளப்பும் கச்சான் காற்றுக் காலம் என்பதால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டேன்.

2024 ஜூலை 16

"வெக்கியூம் சொலனாய்டைப் பாருங்கள்" (டேர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். சில்லே கையில் வந்த பிறகு சொலனாய்டைப் பார்ப்பது பிரேதத்துக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

2024 ஜூலை 16, சிறிது நேரம் கழித்து

மேலே கொஞ்சம் திமிராக எழுதிவிட்டேன். சத்தமும் இல்லை, புகையும் இல்லை, இழுவை மட்டும் இல்லை, ஸ்கேனரில் பி0299 (டேர்போ அழுத்தம் குறைவு என்ற பிழைக் குறி) வருகிறது என்றால் அவர்கள் சொல்வதுதான் முதல் வேலை. வெக்கியூம் ஹோஸ் வெடித்திருக்கலாம், சொலனாய்டின் கனெக்டர் துருப்பிடித்திருக்கலாம், டேர்போவுக்குள் இருக்கும் திருப்பு இதழ்கள் கரி பிடித்து இறுகியிருக்கலாம், இன்டர்கூலர் ஹோஸ் ஒன்று கிளிப்பிலிருந்து கழன்றிருக்கலாம். கடற்கரைப் பக்கம் ஐஸும் மீனும் ஏற்றுகிறவர்களுக்கு உப்புத் தண்ணீர் சொட்டிக் கனெக்டர் போவது சாதாரணம். என் வண்டியிலேயே இரண்டு முறை நடந்தது. டேர்போ நல்லபடி இருக்க, சொலனாய்டுக்காக டேர்போ வாங்கியவர்களும் உண்டு.

2024 ஜூலை 17, புதன்

டேர்போ கழற்றியாகிவிட்டது. பார்த்தவர் கிண்ணியாக்காரர், அநுராதபுரச் சந்திப் பக்கம் கராஜ். ஊரில் எல்லோரும் நானா என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

பழைய பத்திரிகை ஒன்றை விரித்து ஒவ்வொரு துண்டாக வைத்துப் பார்த்தோம். இதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் கழற்றிய டேர்போவைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை, பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுகிறார்கள்.

கம்ப்ரெசர் பக்கம்: இதழ்களின் நுனி சுவரில் உரசித் தேய்ந்திருந்தது, ஆனால் காற்று நுழைகிற முன் விளிம்பு கூராகவே இருந்தது. மண்ணோ நட்டோ உள்ளே போயிருந்தால் முன் விளிம்பு அரித்தோ பல்லுப் பல்லாக வெட்டுப்பட்டோ இருக்கும்.

புகைப் பக்கச் சில்லு: முழுதாக இருந்தது. எஞ்சினுக்குள்ளிருந்து குளோ பிளக் நுனி, இன்ஜெக்டர் நுனி, வால்வுத் துண்டு ஏதாவது வெளியே பறந்திருந்தால் இந்த இதழ்கள்தான் நொறுங்கும்.

நடு அச்சு: இங்கேதான் கதை. பெயரிங் உட்காரும் இடம் மயில் கழுத்து நிறம், நீலமும் ஊதாவும். அந்த இடத்திலேயே முறிந்திருந்தது. பெயரிங்கின் பித்தளை உருகி அச்சில் பூசுப்பட்டிருந்தது. நானா ஒரு சொல்தான் சொன்னார்: "பட்டினி." அதாவது ஒயில் பட்டினி. நிமிடத்துக்கு ஒன்றரை இலட்சம் சுற்று வரை போகிற அச்சு, பக்கத்தில் 700 பாகை புகை. ஒயில் சில நொடி வராவிட்டால் இந்த நிறம்தான். ஒயில் வந்தும் அதில் அழுக்கு இருந்திருந்தால் நிறம் மாறாமல் வட்ட வட்டமாகக் கீறல் விழும்.

"தம்பி, கீறலும் இருக்கு பாருங்க," என்றார். இருந்தது. மெல்லியது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

என் மண்டையில் உடனே விளங்கியது வேறு. மே கடைசியில் ஒயில் சம்ப் (எஞ்சின் அடியில் ஒயில் தங்கும் தட்டு) கசிந்து வேறொரு கராஜில் கழற்றிப் பூட்டினேன். விளிம்பு முழுக்க, கசிவை அடைக்கப் பூசும் நீலச் சிலிக்கன் பசை பிதுங்கி நின்றது. அதில் ஒரு துண்டு உள்ளே போய் டேர்போவுக்குப் போகும் மெல்லிய ஒயில் குழாயை அடைத்துவிட்டது. வழக்கு முடிந்தது. அந்த ஆள் கையில் கிடைத்தால் நாலு கேள்வி இருக்கிறது.

2024 ஜூலை 18

"விற்றுவிட்டு வேறு வாங்குங்கள்" என்ற அண்ணனுக்கு: 2020 இலிருந்து இன்றுவரை (2024 ஜூலை) வாகன இறக்குமதி நின்றுபோய்க் கிடக்கிறது. பழைய கெப் விலை கேட்டால் தலை சுற்றும். டேர்போ உடைந்த கெப்பை எனக்கு யார் வாங்குவான், எனக்கு யார் விற்பான்?

2024 ஜூலை 20, சனி

பூட்டியாயிற்று. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து ரீகண்டிஷன் டேர்போ, 110,000 ரூபா, கொழும்பு பஸ்ஸில் பார்சலாக வந்தது.

செய்தவை: ஒயில் வரும் குழாய் புதிது. திரும்பிப் போகும் குழாய் கழற்றிக் கழுவினோம். அந்த இடங்களில் சிலிக்கன் ஒரு பொட்டும் பூசவில்லை, கேஸ்கட் மட்டும். இன்டர்கூலரைக் கழற்றி மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, மூன்று தரம் கழுவி, இரவு முழுக்கத் தலைகீழாகத் தொங்கவிட்டோம். உள்ளே ஒயில் மிச்சமிருந்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே எஞ்சின் மறுபடி தானாக ஓடும். கழுவிய மண்ணெண்ணெயில் அலுமினியத் தூள் மினுங்கியது.

பிறகு புது ஒயில், புது ஃபில்டர். டேர்போவின் ஒயில் வாயில் சிரிஞ்சால் ஒயில் ஊற்றிச் சில்லைக் கையால் சுற்றினோம். திரும்பும் குழாயை ஒரு போத்தலுக்குள் விட்டு, இன்ஜெக்டர் வயர்களைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் அடித்தோம். போத்தலுக்குள் ஒயில் வந்தது. வயரைக் கொடுத்து ஸ்டார்ட் பண்ணி, ரேஸ் கொடுக்காமல் ஐடிலிலேயே சிறிது நேரம். போத்தல் நன்றாக நிரம்பியது. ஆகவே ஒயில் வருகிறது, அடைப்புப் பழைய குழாயில்தான் இருந்திருக்கிறது. யாருக்காவது சந்தேகம் என்றால் இந்தப் போத்தல் சோதனையைச் செய்யுங்கள், பொய் சொல்லாது.

பழைய குழாயை வெட்டிப் பார்த்தோம். உள்ளே கரி படிந்து துளை ஒடுங்கியிருந்தது, சிலிக்கன் காணவில்லை. உடையும்போது கழன்று போயிருக்கும்.

இழையை மூடலாம்.

2024 ஜூலை 31, புதன், காலை 6.20

மூட வேண்டாம்.

2024 ஆகஸ்ட் 1

நேற்று எழுத மனம் வரவில்லை. பூட்டி 11 நாள்தான். ஐந்து தம்புள்ளைப் பயணம், போய்வர 220 கிலோமீட்டர் வீதம் 1,100 கிலோமீட்டர். தம்பலகாமச் சந்திக்குக் கிட்ட அதே விசில். இந்த முறை சங்கு ஊதும்வரை காத்திருக்கவில்லை, விசில் கேட்டதும் காலை எடுத்து ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். புகை இல்லை. ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் சில்லு முன்னும் பின்னும் அசைகிறது. அச்சு முறியவில்லை.

டேர்போ விற்றவருக்குப் போன் எடுத்தேன். "ஒயில் பிரச்சினை என்றால் வாரண்டி இல்லை, அச்சு நீலமா என்று முதலில் பாருங்க" என்றார். கோபம் வந்தது. ஆனால் போனிலேயே நிறம் கேட்கிறார் என்றால் இந்தக் கதை அவருக்கு எத்தனையாவது தரமோ.

ஜூலை 14 இல் இங்கே ஒருவர் "டேர்போ தானாகச் சாகாது, கொல்லப்படும்" என்று எழுதியபோது நான் சிரிப்புப் படம் போட்டேன். அதை அழித்துவிட்டேன்.

2024 ஆகஸ்ட் 2, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போகுமுன் நானா ஒரு மணித்தியாலம் ஒதுக்கினார். ஒயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் முள் மீட்டர் பூட்டினார். எஞ்சினை நன்றாகச் சூடாக்கினோம். டேர்போ ஏற்கெனவே ஆடுகிறது, ஆகவே அதன் ஒயில் வழியை மூடி, டேர்போவைக் கழற்றி, புகைக் குழாயை அப்படியே திறந்து விட்டோம். தெருவே காதைப் பொத்தியது.

ஐடிலில் 1.2 பார் அழுத்தம். நல்லது. 2,000 சுற்றில் 2.6. நல்லது. 3,000 இல் முள் ஏறவில்லை. நடுங்கியது. பிறகு 1.4 க்கு இறங்கியது. ரேஸ் கூடக் கூட ஏற வேண்டிய முள் இறங்குகிறது. காலை எடுத்தால் மறுபடி சரியாகிறது.

நானா எஞ்சினை நிறுத்திவிட்டு இளநீர் குடிக்கிற மாதிரிக் கன்னத்தை உள்ளே இழுத்துக் காட்டினார். "ஸ்ட்ரோ அடைச்சிருந்தா மெதுவா உறிஞ்சினா வரும். இழுத்து உறிஞ்சினா?" சம்புக்குள் இருக்கும் ஒயில் வடிகட்டி. பம்ப் மெதுவாகக் கேட்கும்போது கொடுக்கிறது, அவசரமாகக் கேட்கும்போது கையை விரிக்கிறது.

இப்போது இரண்டு திருத்தம் எழுத வேண்டும்.

ஒன்று, ஜூலை 20 போத்தல் சோதனை. பொய் சொல்லாது என்று எழுதினேன். சொன்னது. ஐடிலில் மட்டும் செய்தால் அது குழாய் திறந்திருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும். லோடோடு 2,500, 3,000 சுற்றில் மணிக்கணக்காக வரும் வண்டிக்கு என்ன கிடைக்கிறது என்று காட்டாது. சூடான எஞ்சின், முள் மீட்டர், ரேஸ், மூன்றும் வேண்டும்.

மற்றது, டாஷ்போர்டின் சிவப்பு ஒயில் விளக்கு. அது எரியவில்லையே என்று பதில்களில் நான் இரண்டு இடத்தில் வாதாடியிருக்கிறேன். அந்தச் சுவிட்ச் வேலை செய்வது அரை பார் அல்லது அதற்கும் கீழே போனால்தான். 3,000 சுற்றில் 1.4 என்பது டேர்போவுக்குப் பஞ்சம், விளக்குக்குத் திருப்தி.

2024 ஆகஸ்ட் 5, திங்கள்

நேற்று ஆடி அமாவாசை, அப்பாவுக்கு விரதம், வேலை ஒன்றும் இல்லை. இன்று சம்ப் இறக்கினோம்.

தேத்தண்ணி போட்டு முடிந்த பிறகு வடியில் மிஞ்சுமே சாயச் சக்கை, அப்படி. கறுப்பாக, குறுணிக் குறுணியாக, வடிகட்டி வலையில் முக்கால்வாசிக்கு அப்பியிருந்தது. விரலால் நசித்தால் சில பொடியாகின்றன, சில நசியவில்லை, கல்லு மாதிரி. கரி. அதற்குள் நீலச் சிலிக்கன் நூல் மாதிரி இரண்டு துண்டு. இரண்டே இரண்டு. ஜூலை 17 இல் நான் கொலைகாரன் என்று பிடித்துக் கொடுத்தது அந்த இரண்டு நூலைத்தான்.

சம்ப் அடியில் விரல் தடிப்புக்குத் தார். ஒயில் மாற்றி 1,100 கிலோமீட்டர்தான், ஒயிலோ எட்டாயிரம் ஓடியது போலக் கறுப்பு. மெல்லிய கீறல் இருக்கிறது என்று நானா சொன்னதும் இதனால்தான். முதலில் அழுக்கு கீறியது, பிறகு பட்டினி முறித்தது. புதிதாகப் போட்ட குழாயின் உள்ளேயும் குறுணி.

2024 ஆகஸ்ட் 6

"இவ்வளவு கரி எங்கிருந்து?" என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். இதை எழுதத்தான் எனக்கு விருப்பமில்லை.

எஞ்சினின் மேல் மூடியான ரொக்கர் கவரைத் திறந்தோம். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் இரண்டாம், மூன்றாவதைச் சுற்றித் தார்க் கட்டி. இன்ஜெக்டர் உட்காரும் இடத்தில் ஒரு சிறிய செப்பு வாஷர் இருக்கிறது. அது எரிகிற அறையை அடைத்துப் பிடிக்க வேண்டும். வாஷர் பிடிக்காவிட்டால் ஒவ்வொரு வெடிப்பிலும் புகையும் கரியும் இன்ஜெக்டர் ஓரமாக மேலே பீறி ஒயிலுக்குள் கலக்கும். ஒயில் தாராகும், தார் குறுணியாகும், குறுணி வடிகட்டியை அடைக்கும், பம்ப்புக்கு ஒயில் வராது, எல்லோருக்கும் முதலில் அதை உணர்வது மிக வேகமாகச் சுற்றும் டேர்போ. நாலு வாஷரும் சேர்த்து ஒரு கோழியின் விலை.

அறிகுறி இருந்ததா? இருந்தது. போன மார்கழியிலிருந்து காலையில் குளிர் ஸ்டார்ட்டில் "சக் சக் சக்" என்று ஒரு மூச்சுச் சத்தம், எஞ்சின் சூடானதும் அடங்கிவிடும். ஒயில் மூடியைத் திறந்தால் புகை அடிக்கும். கெப்புக்குள் சில நேரம் எரிந்த மணம், அதை முன்னால் போகிற லொறியின் தலையில் போட்டுவிட்டு ஷட்டரை ஏற்றிக்கொள்வேன். முதல் குறிப்பில் "ஒரு அறிகுறியும் காட்டாமல்" என்று எழுதியவன் நான்தான்.

இன்னும் இருக்கிறது. மே மாதம் சம்ப் பூட்டிய அந்த ஆள், நாலு கேள்வி கேட்க இருந்தேனே, அவர் அன்றைக்கே சொன்னவர். "உள்ளே கறுப்பாக் கட்டி கிடக்கு தம்பி, எட்டினதைத் துடைச்சு விட்டன், இன்ஜெக்டர் வாஷரைப் பாருங்கோ." நான் "லோட் இருக்கு அண்ணை, பிறகு பாப்பம்" என்றேன். இது ஜூலை 17 இல் எனக்கு ஞாபகம் வரவில்லை. வரவில்லையா, வர விடவில்லையா என்று இப்போது யோசிக்கிறேன்.

இன்று பின்னேரம் போய்ச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "சிலிக்கன் கூடிப்போச்சுதான், அது என்ர பிழை" என்றார். தேத்தண்ணி வாங்கித் தந்தார். நான் வாங்கியிருக்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 11

வேலை முடிந்தது. இன்ஜெக்டர் நான்கும் கழற்றி டீசல் பம்ப் திருத்தும் கடையில் சோதித்தோம், ஒன்றுக்கு நொசில் மாற்றினோம். உட்காரும் குழியைக் கட்டர் போட்டுச் சுத்தம் செய்து புது வாஷர். பழைய செப்பு வாஷரைப் பழுக்கக் காய்ச்சித் திரும்பப் போடுகிற வழக்கம் இருக்கிறது, இந்த இடத்தில் அது வேண்டாம். குழியில் ஒரு மணல் அளவு கரி மிஞ்சினாலும் புது வாஷரும் ஆறு மாதத்தில் பழைய பாட்டுத்தான்.

ரீகண்டிஷன் டேர்போ கொழும்புக்குப் போய்ப் பெயரிங் கிட் மாற்றி, பாலன்ஸ் பார்த்து வந்தது, 38,000. ஊரிலேயே ஒருவர் 15,000 க்குக் கிட் மாற்றித் தருவதாகச் சொன்னார், பாலன்ஸ் மெஷின் இல்லாமல். நானா சம்மதிக்கவில்லை. அந்தச் சுற்றில் ஒரு கிராமின் சிறு பங்கு பிசகினாலும் பெயரிங் தாங்காது.

முள் மீட்டர்: ஐடிலில் 1.3, 3,000 இல் 4 பார். ஆடாமல் நின்றது. அந்த முள்ளை நான் பார்த்த நேரம் என் கலியாணத்தில் தாலி கட்டும் நேரத்தைவிடக் கூட.

எஞ்சினை உள்ளே கழுவும் ஃபிளஷ் திரவம் ஊற்றியிருக்கலாமே என்றவருக்கு: நானாவின் வாதம், இவ்வளவு தார் பிடித்த எஞ்சினில் ஃபிளஷ் ஊற்றினால் எல்லாம் ஒரே நேரத்தில் கழன்று நேரே வடிகட்டிக்குத்தான் போகும். சம்பை இறக்கிக் கையால் வழித்துவிட்டு, சாதாரண 15டபிள்யூ40 ஒயில் ஊற்றி 500 கிலோமீட்டரில் மாற்று, பிறகு 1,000 இல் மாற்று என்றார். சுத்தமான எஞ்சினுக்கு ஃபிளஷ் கெடுதல் என்று அவர் சொல்லவில்லை. சுத்தமான எஞ்சினுக்கு அது எதற்கு என்று நான் கேட்கிறேன்.

2024 ஆகஸ்ட் 24

500 இல் மாற்றியாகிவிட்டது. வடிந்த ஒயில் கறுப்புத்தான், ஆனால் தண்ணீராக ஓடியது, குறுணி இல்லை. பழைய ஃபில்டரை வாளால் வெட்டி, மடிப்பை விரித்து வெயிலில் பார்த்தேன். பித்தளை மினுக்கம் கொஞ்சம், பழைய பெயரிங்கின் மிச்சமாக இருக்கும்.

மூதூரிலிருந்து ஒருவர் தன் வானுக்கு டேர்போ டைமர் (சாவியை எடுத்த பிறகும் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தும் கருவி) போடட்டுமா என்று கேட்டிருந்தார். நீண்ட ஓட்டம் முடிந்ததும் ஒன்று இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துவது நல்லது, சூட்டில் ஒயில் அச்சிலேயே கரியாகாது. அதற்கு மெஷின் எதற்கு? வீட்டுக்கு வரும் கடைசி ஒழுங்கையில் மெதுவாக வந்தாலே பாதி வேலை முடிந்தது. காசு இருந்தால் அதற்கு ஒரு ஒயில் பிரஷர் மீட்டர் வாங்குங்கள். நான் டாஷ்போர்டில் நிரந்தரமாகப் பூட்டிவிட்டேன். பார்க்க அழகில்லை. மனைவி "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்கிறாள்.

யானை பற்றிக் கேட்ட மற்றவருக்கு: இல்லை, அன்றைக்கு வரவில்லை. போன கிழமை அதே இடத்தில் ஒன்று நின்றது. கரட் கேட்கவில்லை.

2024 செப்டெம்பர் 22, ஞாயிறு

நேற்று ஜனாதிபதித் தேர்தல், இரவு ஊரடங்கு, தம்புள்ளை இல்லை. எழுத நேரம் கிடைத்தது.

ஓட்டம் 3,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. முள் நிற்கிறது, விசில் இல்லை. காலை ஸ்டார்ட்டில் சக் சக் இல்லை, ஒயில் மூடியில் புகை இல்லை.

வேலை இல்லாததால் பில் போட்டு வைக்கும் பொலித்தீன் பையைக் கொட்டிப் பார்த்தேன். ஒயில் பில்களைக் கிலோமீட்டர்ப்படி அடுக்கினேன். 2019 வரை 5,000 க்கு 5,000 பிசகவில்லை. 2021 இல் 8,000. 2022 இல், எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். காட்டி எண்ணி எண்ணி டீசல் அடித்த காலம், ஒயில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்த காலம், ஒரு பில்லுக்கும் அடுத்த பில்லுக்கும் இடையில் 14,000. அதற்குப் பிறகு நிலைமை சரியான பின்பும் நான் 8,000 க்குக் கீழே இறங்கவே இல்லை. வாஷர் கசிவது ஒரு பக்கம், கசிந்த கரியை மாற்றாமல் உள்ளேயே வைத்துக் காய்ச்சியது இன்னொரு பக்கம். ஆகவே ஜூலை 14 குறிப்பில் "ஒயில் ஒழுங்காக மாற்றுகிறவன் நான்" என்ற வரியைப் பிழை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அழிக்கவில்லை, கிடக்கட்டும். இப்போது 5,000.

முறிந்த பழைய டேர்போவின் சில்லை விற்கிறீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது என்னிடம் இல்லை. நானா தன் மேசையில் வைத்திருக்கிறார், "நான் ஒயில் ஒழுங்கா மாத்துறன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவாராம். என் பெயரைச் சொல்லாமல் காட்டினால் சரி.